செல்வியின் வாயில் நாங்கள் வைத்த கதை

சென்ற ஆண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. சமூகநலத் துறையில் ஓய்வுபெற்றவள் என்ற முறையில் என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். பயிற்சி தந்த பெண் திரையில் நான்கு கட்டங்களைக் காட்டினார். உடலுக்குச் செய்யும் கொடுமை, பாலியல் கொடுமை, மனத்துக்குச் செய்யும் கொடுமை, கவனிக்காமல் விடுவது. மூன்றாவது கட்டத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து என்னைக் கேட்டாள்.

"மேடம், உங்க காலத்துல இந்த மாதிரி மனசு சம்பந்தப்பட்ட கேஸ் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கைதட்டுவோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். கேட்ட பெண் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். அன்று அவளிடம் சொல்லக் கூசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பாவுக்கு நெல்லும் மணிலாக் கடலையும்தான் பயிர். வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைப் புது மாவட்டத்தின் தலைநகராக்கிய 1989ஆம் ஆண்டிலேயே சமூகநலத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அலுவலகம் ஒரு வாடகை வீடு. மேசை நாற்காலிகள் வேலூரிலிருந்து லாரியில் வந்து இறங்கின. கொஞ்ச காலம் தட்டச்சு, பிறகு துறைத் தேர்வு, பிறகு விரிவாக்க அலுவலர் பதவி. வேலூரில் தந்த பயிற்சியில் சிறார் சட்டத்தை வரிவரியாக வாசித்தார்கள். பிச்சை எடுக்கும் பிள்ளை, வீடு வாசல் இல்லாத பிள்ளை, பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளை ஆகியோர் புறக்கணிக்கப்பட்ட சிறார். பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை அடித்தாலோ, அதற்கு உடல் துன்பமோ மனத் துன்பமோ நேரும்படி நடந்துகொண்டாலோ தண்டனை உண்டு. மனத் துன்பம் என்ற சொல்லுக்கு யாரும் அடிக்கோடு போடவில்லை. நானும் போடவில்லை.

வேலையை எனக்கு உண்மையில் கற்றுத்தந்தவர் எங்கள் மாவட்ட அலுவலர் சுலோச்சனா மேடம். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, சத்தமே எழுப்பாத பேச்சு. பிள்ளைகள் இல்லம் எதையாவது ஆய்வு செய்யப் போனால் ஒரு வாய்த் தண்ணீர்கூட அங்கே குடிக்கமாட்டார். நிர்வாகி போட்ட நாற்காலியில் உட்காராமல் நேரே சமையலறைக்குள் போவார். அரிசி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். சாம்பாரைக் கரண்டியால் அடியிலிருந்து கிளறிப் பருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து கழிப்பறை. அடுத்து பாய். பாயைப் புரட்டி மறுபக்கம் ஈரமா என்று தடவிப் பார்ப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் பிள்ளைகள். நிர்வாகியை வெளியே அனுப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிடுவார். நகம், தலைமுடி, காதுக்குப் பின்பக்கம், கடைசியில் முழங்காலுக்குப் பின்புறம்.

"அடிக்கிறவன் முன்பக்கம் அடிக்கமாட்டான் பத்மா. தெரியாத எடமாப் பாத்துதான் கை வைப்பான். நாம அங்கதான் பாக்கணும்" என்பார்.

பிறகு மூன்றே கேள்விகள். "யாராவது அடிக்கிறாங்களா? பசி எடுக்குதா? உன்ன வேலை செய்யச் சொல்றாங்களா?"

இந்த மூன்று கேள்விகளை வைத்து அவர் காப்பாற்றிய பிள்ளைகள் உண்டு. போளூர் பக்கத்திலிருந்து வந்து ஓர் அரசு அதிகாரி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த சின்னப் பெண்ணின் கெண்டைக்காலில் தோசைக் கரண்டிச் சூட்டை அவர் கண்டுபிடித்தபோது நான் கூடவே இருந்தேன். பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பார்த்து, மறுபடி இழுத்து மூடி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடியே தெருவுக்கு நடந்து வந்துவிட்டார். மறுநாள் அந்த அதிகாரி அலுவலகத்துக்கு வந்து நின்றார். தன்னைவிடப் பெரிய பதவியில் இருந்தவரை மேடம் உட்காரச் சொல்லவில்லை. மேடத்தைப் போல ஆகவேண்டும் என்றுதான் அப்போது நான் ஆசைப்பட்டேன்.

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓர் இல்லம் இருந்தது. நடத்தியவர் தாமோதரன். முன்பு ஏதோ கம்பெனியில் கணக்கராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் தானே மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் உட்காருவார். மேடத்தின் எல்லாச் சோதனைகளிலும் தேறிய இல்லம் அது. சாம்பாரில் பருப்பு இருக்கும், பாய் உலர்ந்திருக்கும், பிள்ளைகள் உடம்பில் ஒரு கீறல் இருக்காது.

அரசு தரவேண்டிய மானியம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். நன்கொடையாளர்களைத் தேடிக்கொள்ளுங்கள் என்று இல்லங்களுக்குச் சொன்னதே எங்கள் துறைதான். ரமணாசிரமம் பகுதியில் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களும் வெளியூர்க்காரர்களும் அந்த இல்லத்துக்கு வாராவாரம் போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். நல்லதுதான் என்று நினைத்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குழந்தைகள் தினம். ஊர்ப் பெரிய மனிதர்களையும் லாட்ஜ் முதலாளிகளையும் வரவழைத்து ஒரு கல்யாண மண்டபத்தில் விழா ஏற்பாடு செய்தோம். மேடம் என்னைக் கூப்பிட்டு, "தாமோதரன் இல்லத்துல ஒரு பொண்ணு ரொம்ப நல்லாப் பேசுதாம். போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் பதினோரு வயது இருக்கும். செல்வி என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் தடவி வாரிய தலை, வெளுத்த நீலப் பாவாடை. ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"இங்கிலீஷ்காரங்க வருவாங்களா மேடம்?"

"ஒண்ணு ரெண்டு பேர் வரலாம். ஏன்?"

"அவங்க இருந்தா நிறுத்தி நிறுத்திச் சொல்லணும். இங்கிலீஷ்ல மாத்திச் சொல்றவங்களுக்கு டைம் குடுக்கணும்."

மேடையில் ஏறி மைக்கைத் தன் உயரத்துக்கு அவளே இறக்கிக்கொண்டாள். கூச்சமில்லாத, தெளிவான குரல். தன் அப்பா குடித்துவிட்டு வந்து அடித்ததையும், அம்மா ஒரு நாள் பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டு மணிலாக் கொல்லையில் விழுந்து கிடந்ததையும் சொன்னாள்.

"அம்மா தண்ணி கேட்டாங்க. நான் சொம்ப எடுத்துக்கினு ஓடினேன். பம்புசெட்ல கரண்ட் இல்ல. கெணத்துல எறங்கி மொண்டுக்கினு வந்தேன். லேட்டாயிடுச்சு. அம்மா என் கையப் புடிச்சிக்கினாங்க. கொஞ்ச நேரத்துல புடி தளந்துடுச்சு."

அங்கே நிறுத்தினாள். பிறகு தலையை நிமிர்த்தி, "இப்ப எனக்கு நெறைய அம்மாங்க இருக்கீங்க" என்று கும்பிட்டாள்.

மண்டபமே எழுந்து கைதட்டியது. சுலோச்சனா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன், கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவரைவிடச் சத்தமாகத் தட்டினேன் என்றுகூட நினைவிருக்கிறது. நான் கூட்டி வந்த பெண் அல்லவா.

திரும்பும்போது ஜீப்பில் கேட்டாள். "நல்லாச் சொன்னேனா மேடம்?"

"ரொம்ப நல்லாச் சொன்னம்மா."

"லேட்டாயிடுச்சுன்ற எடத்துல இன்னிக்குக் கொஞ்சம் வேகமாப் போயிட்டேன். அங்க மெதுவாச் சொல்லணும். அங்கதான் எல்லாரும் ஜாஸ்தி அழுவாங்க."

விழாவில் கொடுத்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கும் மும்முரத்தில் இருந்தாள். எனக்கு உள்ளங்கை இரண்டும் எரிந்தன. இவ்வளவு நேரம் எதற்காகத் தட்டினேன் என்று தோன்றியது.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். "வாரா வாரம் இத சொல்ல வைக்கறாங்க மேடம். மனப்பாடமா ஆயிடுச்சு அதுக்கு."

"சொல்லட்டுமே. சொன்னா பாரம் கொறையும். மைக் முன்னாடி நீயும் நானும்தான் நடுங்கறோம். அது எவ்ளோ தைரியமாப் பேசுது பாத்தியா?"

சில மாதங்கள் கழித்து, சிறார் கொடுமையைத் தடுப்பது பற்றி மாவட்ட அளவில் ஒரு கலந்தாய்வு நடந்தது. மருத்துவர், காவல் ஆய்வாளர், தலைமையாசிரியர், வக்கீல், நாங்கள். கொடுமை என்று எதைச் சொல்வது என்பதிலேயே காலை முழுக்கப் போயிற்று. எக்ஸ்ரேயில் தெரிந்தால் கொடுமை என்றார் மருத்துவர். புகார் வந்தால் கொடுமை என்றார் ஆய்வாளர். வாத்தியார் அடிப்பதை அதில் சேர்த்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடலாம் என்றார் தலைமையாசிரியர். வக்கீல், வறுமைதான் காரணம், வறுமையை ஒழித்தால் எல்லாம் ஒழியும் என்று நீளமாகப் பேசினார். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, எழுந்து, "அடி இல்ல, பசி இல்ல, ஆனா தன் அம்மா செத்த கதைய ஒரு புள்ளைய வாரா வாரம் ஊர் முன்னாடி சொல்ல வச்சா, அது இதுல வராதா சார்?" என்று கேட்டேன்.

"அப்ப பேச்சுப் போட்டிகூடக் கொடுமைதானேம்மா!" என்றார் தலைமையாசிரியர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். இத்தனை வருஷ வேலையில் நான் மிகவும் வெட்கப்படுவது அந்தச் சிரிப்புக்குத்தான். கேள்வி சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர்களில் ஒருத்தியாகிவிடவேண்டும் என்ற அவசரம்.

அடுத்த ஆய்வில் மேடம் செல்வியைத் தரையில் உட்காரவைத்து மூன்று கேள்விகளையும் கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றாள். மேடம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு பௌர்ணமியன்று சாயங்காலம் காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். கிரிவலப் பாதையில் பிச்சை எடுத்த பெண் ஒருத்தியைப் பிடித்து வைத்திருக்கிறோம், வாருங்கள் என்றார்கள். போனால் பெஞ்சியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை. மத்தியானம் பள்ளியிலிருந்து கிளம்பி நடந்து போயிருக்கிறாள். தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் அருகே களைப்பாற உட்காரும் ஜனங்களிடம் தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் அழுது, தலையைத் தடவி, சில்லறை போட்டிருக்கிறார்கள். யாரோ ஓர் அம்மா, குழந்தையை வைத்துப் பிச்சை எடுக்கிறார்கள் என்று போலீசிடம் சொல்லிவிட்டார்.

பெண் காவலர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "மேடம், இது தானா வந்த புள்ள இல்ல. யாரோ நல்லாப் பழக்கி வுட்டுக்கீறாங்க. எங்க நிறுத்தணும், எங்க அழணும், எல்லாம் கரெக்டாத் தெரியுது. எந்த கேங்குன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தக் கூட்டம் என்று எனக்குத் தெரியும். அதில் நான் உண்டு, மேடம் உண்டு, மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் உண்டு.

செல்வியிடம், ஏம்மா இங்கே வந்தாய் என்று கேட்டேன்.

"சார் இப்பல்லாம் என்னச் சொல்லச் சொல்றதில்ல மேடம். நான் பெரிய பொண்ணா வளந்துட்டேனாம். புதுசா ஒரு சின்னப் பொண்ணு வந்துக்குது, அதுக்குச் சொல்லிக் குடுக்கறாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் இன்னா பண்றது மேடம்?"

சட்டப்படி அன்றுதான் அவள் புறக்கணிக்கப்பட்ட சிறார் ஆனாள். மண்டபத்தில் சொன்னபோது ஆகவில்லை. சாலையோரத்தில் சொன்னதும் ஆகிவிட்டாள்.

நிலையத்திலிருந்து அவளை அலுவலகத்துக்குக் கூட்டி வந்தேன். மேடம் வீட்டுக்குக் கிளம்பியிருந்தவர் திரும்பி வந்தார். வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து, நகம், காது, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் பார்த்தார். மூன்று கேள்விகள் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. மேடம் எழப்போனார்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா மேடம்?" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருக்காமல் செல்வி பக்கம் திரும்பினேன். "அம்மாவப் பத்திச் சொல்றப்ப உனக்கு மனசுல என்ன தோணும்மா?"

"ஒண்ணும் தோணாது. அடுத்த வரி மறந்துடக் கூடாதுன்னு தோணும்."

அவளே மேலே சொன்னாள். "ஆனா படுத்துக்கினா தோணும். நான் சீக்கிரம் தண்ணி கொண்டாந்திருந்தா அம்மா பொழச்சிருப்பாங்கள்ல? அப்புறம், அம்மா என் கையப் புடிச்சாங்கன்னு சொல்றேன் இல்ல, அது நெசமா நடந்துச்சா, இல்ல சார் சேத்துக் குடுத்தாரான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். தெரியல மேடம்."

சுலோச்சனா மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அந்தச் சட்டப் புத்தகத்த எடு பத்மா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். தேடிப் பிடித்து அந்த வரியை விரலால் தொட்டார். மனத் துன்பம்.

"இங்கதான் இருந்திருக்கு. நான் முழங்காலுக்குப் பின்னாடியே பாத்துக்கிட்டிருந்துட்டேன்" என்றார்.

மறுநாள் இருவரும் இல்லத்துக்குப் போனோம். இனிப் பார்வையாளர்கள் முன் எந்தப் பிள்ளையையும் நிறுத்தக்கூடாது என்றார் மேடம். தாமோதரன் முதலில் திகைத்தார். பிறகு அவருக்குக் குரல் உயர்ந்தது.

"நான் ஒரு அடி அடிச்சிருக்கேனா மேடம்? ஒரு வேளை பட்டினி போட்டிருக்கேனா? உங்க கிராண்ட் வர்றதுக்குள்ள அரிசி தீந்துடுது. சும்மா வந்து பாத்துட்டுப் போறவங்க யாரும் குடுக்கமாட்டாங்க. கதையக் கேட்டாத்தான் குடுப்பாங்க. நான் என்ன எனக்கா சேத்து வச்சேன்? மண்டபத்துல மொத வரிசைல உக்காந்து கைதட்டினது யாரு?"

"நாங்கதான்" என்றார் மேடம்.

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தண்ணீர் விஷயம் எங்கிருந்து வந்தது என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வாட்டி அதுவாச் சொல்லுச்சு மேடம், அம்மாவுக்குத் தண்ணி குடுத்திருக்கணும்னு. அத வச்சு நான் கொஞ்சம் சேத்தேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். கேக்கறவங்க மனசத் தொடணும்னு சேத்ததுதான். இப்ப எது அது சொன்னது, எது நான் சொன்னதுன்னு எனக்கே தெரியல."

சிறார் நல வாரியத்தின் உத்தரவில் செல்வி வேலூரில் ஓர் அரசு இல்லத்துக்குப் போனாள். அவளைச் சேர்த்துவிட்டு வந்த பிறகும் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நடந்தது என்ன என்று தெரிந்த யாராவது இருப்பார்கள். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி அவளுடைய ஊர். எங்கள் பக்கம்தான் என்பதால் விசாரிப்பது கஷ்டமாக இல்லை. அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டிருந்தார். அம்மாவின் தங்கை அஞ்சலை மட்டும் பக்கத்துக் கிராமத்தில் இருந்தாள். களத்தில் மணிலா உடைத்துக்கொண்டிருந்தவளிடம் நான் செல்வி சொல்லும் கதையைச் சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது.

"கெணத்துல எறங்கினாளா? இவளா? அஞ்சு வயசுப் புள்ள எப்டிம்மா கெணத்துல எறங்கும்? அன்னிக்கு இவ எங்க வூட்ல இருந்தா. ரெண்டு நாளா எங்க வூட்லதான் இருந்தா."

நான் அவளை வேலூருக்கு அழைத்துப் போனேன். உண்மை தெரிந்தால் பெண்ணின் பாரம் இறங்கிவிடும் என்று உறுதியாக நம்பினேன். பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இல்லத்தின் பார்வையாளர் அறையில் சித்தியும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அஞ்சலை சுற்றி வளைக்காமல் சொன்னாள். "நீ அங்க இல்லவே இல்ல கண்ணு. அக்கா மருந்து குடிச்சது வூட்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனோம். ஒரு நாள் பூரா உசிரோட இருந்தா. நீ தண்ணி எடுக்கப் போகல. லேட்டும் ஆகல. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

நான் செல்வியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதிர்பார்த்தது அங்கே வரவில்லை. அவள் முகம் சின்னதாகிக்கொண்டே போயிற்று.

"அப்ப அம்மா என் கையப் புடிக்கவே இல்லியா?"

செல்வி என்னைப் பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ விதமாக என்னைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வையை மட்டும் என்னால் நிமிர்ந்து வாங்க முடியவில்லை. தாமோதரன் அவளுக்குப் பொய்யாகக் கொடுத்தது ஒரு பழியும் ஒரு கையும். நான் உண்மை என்று போய் இரண்டையும் பிடுங்கிவிட்டேன். அவளிடம் அம்மாவின் மிச்சமாக இருந்தது அந்தக் கை ஒன்றுதான் என்று நான் யோசிக்கவே இல்லை.

அஞ்சலைதான் நாற்காலியை விட்டு இறங்கி, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரில உன்னக் கேட்டா. ரெண்டு வாட்டி கேட்டா. நாங்கதான், புள்ள பயந்துக்கும்னு இட்டுக்கினு போகல. அது எங்க தப்பு."

"கேட்டாங்களா?"

"கேட்டா."

"இன்னான்னு கேட்டாங்க?"

அஞ்சலை அவளை அருகே இழுத்து, காதோரம் தன் அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் சின்ன அறை, எனக்கும் கேட்டது. செல்வி அப்போது அழுதாள். மேடையில் நிறுத்தி நிறுத்தி அழவைத்தவள், மூக்கு ஒழுக, சத்தம் போட்டு, சித்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டு, அழகே இல்லாமல் அழுதாள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

மற்றவற்றையும் சொல்லிவிடவேண்டும். பார்வையாளர்கள் கதை கேட்பது நின்றதும் தாமோதரனின் இல்லத்துக்கு வந்துகொண்டிருந்த உதவியும் நின்றது. மானியத்தை ஒழுங்காக வரவைக்க மேடம் சென்னைக்கு எத்தனையோ முறை எழுதினார், நேரிலும் போனார். பலனில்லை. இல்லத்தை மூடவேண்டி வந்தது. பிள்ளைகளில் சிலரை வேறு இல்லங்களில் சேர்த்தோம். சிலரைச் சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப் போனார்கள். செல்விக்குப் பதிலாகத் தயார் செய்யப்பட்ட அந்தச் சின்னப் பெண் படிப்பை விட்டுவிட்டு ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தேடிப் போனபோது அந்த வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போயிருந்தார்கள். ஒரு கொடுமையைத் தடுத்தோம் என்று எங்கள் ஆண்டறிக்கையில் எழுதினோம். அந்தப் பெண் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

தாமோதரனைப் பல வருஷம் கழித்துப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஒதுங்கிப் போயிருக்கலாம். அவரே வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்றார். பிறகு, "நான் பண்ணது தப்புதான் மேடம். ஒத்துக்கறேன். ஆனா நிறுத்தச் சொன்னீங்களே, அதுக்கப்புறம் அதுங்க சாப்பாட்டுக்கு வழி சொன்னீங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பியவரைப் போலக் கேட்டார். செங்கம் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

சுலோச்சனா மேடம் மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு ஆய்விலும் நான்காவதாக ஒரு கேள்வி கேட்டார். "உனக்குச் சொல்லப் புடிக்காத எதையாவது யாராவது சொல்லச் சொல்றாங்களா?" நானும் ஓய்வுபெறும்வரை கேட்டேன். பதில் வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் எனக்குக் கடைசிவரை சரியாகத் தெரியவில்லை. இன்றைக்குக் கட்டங்கள் இருக்கின்றன, சட்டங்கள் இருக்கின்றன, கூப்பிட ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கிறது. இருந்தும் விழா மேடைகளில் பிள்ளைகள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லி முடித்ததும் கைதட்டல் எழும்போது நான் வெளியே போய்விடுகிறேன்.

செல்வி இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் இருக்கிறாள். ஊர் எதுவென்று சொல்லத் தேவையில்லை. இதை எழுத உட்காரும் முன் அவளுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். திரும்பவும் அவள் கதையை ஊர் முன்னால் வைக்கத்தானே நானும் கிளம்பியிருக்கிறேன்?

எதிர்முனையில் குழந்தையை ஏதோ அதட்டிவிட்டு வந்தாள்.

"எழுதுங்க மேடம். வேலைக்குப் புதுசா வர்றவங்க படிக்கட்டும். பேர மட்டும் மாத்திடுங்க."

"சரிம்மா."

"அப்புறம், அம்மா ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்கன்னு சித்தி சொல்லுச்சு இல்ல, நீங்களும் கேட்டீங்க. அத எழுதாதீங்க. என் வூட்டுக்காரர்கிட்டகூட நான் அதச் சொன்னதில்ல."

எழுதவில்லை.